முட்டுக்காட்டில் விழுந்தது யார்?

இன்று ஈசிஆர் பேருந்தில் முட்டுக்காடு பாலம் வந்ததும், பக்கத்தில் இருந்த தோழியிடம் என் கதையை ஆரம்பித்தேன்.

ஐந்து வயதில் இங்கே படகில் ஏறும்போது கால் வழுக்கி நீரில் விழுந்தேன். அப்பா சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். வாயெல்லாம் உப்புக் கரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

முன் சீட்டில் இருந்த என் அண்ணன் திரும்பினான்.

"இன்னாடி உளர்ற? வுழுந்தது நானு! நீ அம்மா மடியில தூங்கிகினு இருந்த."

விடுவேனா? அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"அவன்தான்டி வுழுந்தான். உனுக்கு அப்போ ஒரு வயசுகூட ஆவல."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

நான் படிப்பது உளவியல். அடிக்கடி கேட்ட கதையை மூளை நமக்கே நடந்ததாக மாற்றிவிடும் என்று போன வாரம்தான் வகுப்பில் செமினார் எடுத்தேன். "ஆனால் இது நிஜமாகவே எனக்கு நடந்தது" என்று உண்மையான நினைவுக்கு அங்கே நான் சொன்ன உதாரணம், இதே படகுக் கதைதான்.

நாளை வகுப்பில் உண்மையைச் சொல்லப் போகிறேன். நீங்கள் யாருடைய நினைவையாவது இப்படிச் சுட்டிருந்தால் கமெண்டில் ஒப்புக்கொள்ளுங்கள். தனியாக மாட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.