மழை பெய்ய வைத்த ஜெய்த்தூன் அக்கா

கரும்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வரப்பில் நின்றிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் செய்தி சொன்னார்கள். மர்ஹூம் இப்ராஹிம் பாயின் மனைவி ஜெய்த்தூன் பீ காலமாகிவிட்டார். பக்கத்துக் கொல்லையில் களையெடுத்த பெண்கள் எந்த ஜெய்த்தூன் என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஒருத்தி, "அதான்டி, நம்ம மழக்காரம்மா" என்றாள். அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். நான் மண்வெட்டியை வாய்க்காலிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தேன்.

கச்சிராயபாளையத்தில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மழையை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று அடுத்த வீட்டுக்காரியான எனக்குத்தான் முழுதாகத் தெரியும்.

இப்ராஹிம் பாய் மைக் செட் வைத்திருந்தார், மெல்லிசைக் குழுவில் கீபோர்டும் வாசித்தார். குழு கலைந்த பிறகும் ஒரு பழைய சின்தசைசரை விடாமல் வைத்திருந்தார். இப்போது வருகிற கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் புல்லாங்குழல் வரும், வயலின் வரும். இதில் ஒன்றும் வராது. நெற்றி நிறையக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருப்பி ஓசையை நாமே உண்டாக்க வேண்டும். பாய் போன பிறகு, அக்கா அந்தப் பெட்டியின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "இதுக்குள்ள பாட்டு கிடையாது பச்ச. அவரு போயி ஒரு வருசமாச்சி, இது சும்மாவே கெடக்குது. நானே செஞ்சி பாக்கறேன்" என்றார். என்னை அவர் பச்ச என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் பெட்டி உயிர் பெறவே இல்லை. என் பேத்தி கௌசல்யா கள்ளக்குறிச்சி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். மூடியைக் கழற்றிப் பார்த்ததும், "ஆயா, உள்ள கண்டன்சரெல்லாம் வீங்கிப் போய்க் கெடக்குது, நாளைக்கி மாத்திடலாம்" என்றாள். சொன்னபடி மறுநாள் மாற்றினாள். பெட்டி 'ஊம்' என்றது. எங்கள் குடும்பத்தில் சால்டரிங் கோலைப் பிடித்த முதல் கை அவளுடையது. இதை எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

அதன்பிறகு அக்காவை நிறுத்த முடியவில்லை. எந்த ஊரில் மெல்லிசைக் குழு கலைந்தது என்று விசாரித்து விசாரித்துப் போவார். நைனார்பாளையத்தில் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து தாளப் பெட்டி ஒன்றை வாங்கி, பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நானும் கூட இருந்தேன். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார். அக்கா முகத்தை மாற்றாமல், "மடியில வச்சிருக்கற புள்ளைக்கும் லக்கேஜ் போடுவியாப்பா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து, வண்டி குலுங்கியதில் பெட்டியின் தளர்ந்த மூடி லொடக்கென்றது. "இன்னாம்மா, புள்ள பல்ல கடிக்குது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் போடவில்லை. அக்காவின் கட்டிலில் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் அவர் கோரைப்பாயை விரித்துக் கீழே படுத்தார்.

மகன் அன்வருக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட பிள்ளை இல்லை. சென்னையில் சின்ன வீடு. அம்மா தனியாக இருக்கக் கூடாது, தன்னோடு வந்துவிட வேண்டும், இந்தச் சாமான்களுக்கு அங்கே இடமில்லை, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். அக்கா யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "மாசித் திருநாள் நாடகத்துல இத வாசிக்கறேன். எடுபட்டுச்சின்னா நா இங்கியே இருப்பேன். இல்லாட்டி நீயே இதுங்கள தூக்கி யாருக்குனா குடு, நா வண்டி ஏறிட்றேன்."

அந்த வருட நாடகத்தில், பஞ்சத்தில் காய்ந்த ஊருக்குக் கடைசியில் மழை வரும். அந்த மழை ஓசையைத் தன் பெட்டியில் வாசிக்க அக்கா வாய்ப்புக் கேட்டார். நாடக வாத்தியார் கந்தசாமி சிரித்தார். "செல்போன்ல இல்லாத மழையாக்கா? ஒரு தட்டு தட்டுனா கொட்டப் போவுது" என்றார். ஒத்திகையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று அக்கா கெஞ்சவில்லை, சவால் விடவும் இல்லை. கேட்டுவிட்டு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் ஓர் இரைச்சல் வருமே, அதுபோல ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஒரு குமிழால் அடைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் உறுமுவது போலக் கேட்கும். மெல்லத் திறந்தால் மழை பக்கத்தில் வரும். அக்காவுக்கு முதலில் வந்ததெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரியும் ஓசைதான். அன்றாடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இது மழையே இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். "ஓட்டு மேல பேயறது வேற, சோளத் தோகையில பேயறது வேற. நம்ம சனத்துக்கு எது அடிவயித்துல இடிக்கும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது.

ஒத்திகை கோயில் திடலில், பகல் சாய்கிற நேரத்தில். மக்காச்சோளம் அறுத்த சமயம். திடலின் சிமெண்டுக் களம் முழுக்க ஊர்ச் சோளம் காய்ந்தது. இது எடுபடாது என்ற நம்பிக்கையில், அம்மாவை அழைத்துப்போக அன்வர் கார் எடுத்து வந்திருந்தான். நடிகர்கள் வசனம் பேசினார்கள். கல்வராயன் மலைமேல் கொஞ்சம் மேகம் கட்டியிருந்தது, அது மாசியில் சும்மா கட்டுகிற மேகம். வாத்தியார் சரி சொல்லாவிட்டாலும், அக்கா யாரிடமும் கேட்காமல் இப்ராஹிம் பாயின் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களை மேடைக்குப் பின்னால் வைத்திருந்தார். மழைக் கட்டம் வந்தது. குமிழைத் தொட்டார்.

முதலில் மலைப்பக்கம் உறுமியது. அப்புறம் தொலைவில் ஓர் இரைச்சல், நடந்து வருவது போல வந்தது. காய்ந்த சோளத்தின்மேல் முதல் தூறல் விழுகிற அந்தப் படபடப்பு கேட்டது.

களத்தில் இருந்த பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். "ஏ புள்ள, அந்த முனையப் புடி!" என்று கூச்சல். மேடையில் ராஜா வேஷக்காரர் வசனத்தை விட்டுவிட்டுக் கூடையோடு குதித்தார். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் வாத்தியார் கந்தசாமி. அவர் சோளமும் அங்கேதான் காய்ந்தது. அன்வர் கார்க் கண்ணாடியை ஏற்றப் போய்விட்டான். எல்லாம் தெரிந்து பக்கத்தில் நின்ற நானே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தேன்.

ஒரு சொட்டு இல்லை. ஊர் முழுக்கத் தார்ப்பாயைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்து நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். வாத்தியார் மூச்சு வாங்க வந்து, "அக்கா, என்னாக்கா இது" என்று மட்டும் சொன்னார். அன்வர் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "நீ இங்கியே இரும்மா. ஆனா அந்தக் கட்டில காலி பண்ணிட்டு மேல படு" என்றான்.

அதற்குப் பிறகு களமருதூர், சின்னசேலம் பக்கம், மலைமேல் இருக்கும் ஊர்கள் என்று எங்கே நாடகம் போட்டாலும் மழை எங்கள் அக்காவுடையதுதான். மலைக் குளிரில் அந்தப் பெட்டியின் சுருதி இறங்கிவிடும். அக்கா தன் சால்வையைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, தான் பல் கிட்டித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மனுசன் நடுங்குனா யாருக்கும் தெரியாது. சுருதி நடுங்குனா எல்லாருக்கும் தெரியும்" என்பார்.

கடைசியாக வாசித்தது களமருதூரில். அப்போதே உடம்பு தளர்ந்து கை ஆடியது. மழைக் கட்டம் நெருங்கியபோது என் கையைப் பிடித்துக் குமிழின்மேல் வைத்தார். "நீ திருப்பு பச்ச. அவசரப்படாத. பேஞ்ச மழையத் திருப்பி எடுக்க முடியாது." நான் திருப்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மூச்சுகூட விட்ட நினைவில்லை. முன்வரிசையில் ஒரு தாய், மடியில் தூங்கிய குழந்தையின் தலைமேல் முந்தானையை இழுத்து மூடினாள். அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் காதருகே குனிந்து, "பாத்தியா, அவ நனைஞ்சிட்டா" என்றார்.

பெட்டிகளைக் கௌசல்யாவிடம் கொடுத்துவிட்டான் அன்வர். அவள் அவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்வாள், எனக்குக் கவலையில்லை. என்னிடம் இருப்பது அன்று அக்கா பிடித்து வைத்த இந்த வலது கை. நேற்று வாத்தியார் கந்தசாமி வீட்டுக்கு வந்தார். இந்த மாசி நாடகத்துக்கு மழை வேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.