பூங்கா நிறுத்தத்தில் இறங்கவும்

பேருந்து நிலையத்தின் மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு ஊர்ச் சனத்தையெல்லாம் வண்டியேற்றி அனுப்பிவைப்பதுதான் அவள் வேலை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் குரல் எழும்பினால், கீழே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. வைத்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

மைக்கம்மாவுக்குத் தன் வாயைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. காய்ச்சலோடு வந்தாலும் சரி, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் சரி, மைக்கைத் தட்டிவிட்டால் குரல் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக வரும். ஒரு சொல் இடறாது. "நான் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா ஒரு குடும்பமே வேற ஊர்ல போய் நிக்கும், தெரியுமா?" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு தடவை வாய் தவறியது. அது மைக்கில் இல்லை. ஃபோனில், கூடப் பிறந்த அக்காவிடம்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரிய துணிக்கடை ஒன்றின் பின்பக்க அறையில் உடுப்புகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கிற தையல்காரி. கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று தங்கையின் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார், அதுவும் அக்கா காதில் விழாதபடி. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அளவு சரியா வரலை" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவாள்.

அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்தது அந்தத் தையல் மெஷின்தான். மைக்கம்மாவுக்கு நிலையத்தில் வேலை கிடைத்தபோது தடம் எண்களை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. அக்கா தைத்துக்கொண்டே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாள். தவறினால் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டுவாள். கடைசியில் தங்கையைவிட அக்காவுக்குத்தான் எல்லாத் தடமும் அத்துப்படி ஆயிற்று.

கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவும் தங்கையும் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பார், பார்க்கமாட்டார். பாப்பா பிறந்ததும், மைக்கம்மாவுக்கு ஷிஃப்ட், அவருக்குக் கடை, குழந்தையை யார் பார்ப்பது என்று இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அக்கா கடை வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மெஷினும் கையுமாக வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். ஒரு கால் மெஷினை மிதிக்க, இன்னொரு கால் தொட்டிலை ஆட்ட, அப்படித்தான் பாப்பா வளர்ந்தது.

சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்குவது என்ற பேச்சு வந்தபோது, வீட்டில் எல்லார் வாயிலும் ஒரே சொல். "நம்ம வீட்ல பால்கனி கண்டிப்பா வேணும்க்கா." "நம்ம வீட்ல சமையல்கட்டு கொஞ்சம் பெருசா இருக்கட்டும்டி." நம்ம, நம்ம என்று சொல்லிச் சொல்லியே கட்டாத வீட்டில் பாதியைக் கட்டிவிட்டார்கள். அதிகம் சொன்னது மைக்கம்மாதான்.

வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். அக்கா உள்ளேயே வரமாட்டாள். முதலில் தெருவில் நின்று அண்ணாந்து, பால்கனிகளில் காய்கிற துணியைப் பார்ப்பாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம் பார்த்தார்கள். கீழே சைக்கிள் கடையும் வெல்டிங் பட்டறையும். எதிரே தண்ணீர் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தரகர் மேலே போகலாம் என்று அவசரப்படுத்த, அக்கா அசையவில்லை.

"இங்க பாருடி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் மடிப்பைப் பிரிச்சு நீளம் விட்டிருக்காங்க. அந்தப் பழைய மடிப்புக் கோடு தெரியுது பாரு. இந்தத் தெருவுல எனக்குப் பொழப்பு இருக்கு."

"மேடம், வீடு பார்க்க வந்தீங்களா, துணி பார்க்க வந்தீங்களா?" என்றார் தரகர்.

"உள்ள இருக்கறவங்கதானே தம்பி வெளிய காயறாங்க" என்றாள் அக்கா.

மேலே மூன்று படுக்கையறை. மூன்றாவது அறையின் ஜன்னலில் வெயில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அக்கா டேப்பை இழுத்தாள். "மெஷின் இங்க. கட்டில் அங்க. நடுவுல பாப்பா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத இடம் இருக்கு." அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து மைக்கம்மா பார்த்து நாளாயிற்று. சந்தோஷப்படவேண்டிய இடத்தில் மைக்கம்மாவுக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே வெல்டிங் சத்தம் காதைக் குடைந்தது.

அடுத்து பார்த்தது பூங்காப் பக்கம். இரண்டே அறை. ஆனால் தெரு முழுக்க நிழல், நடந்துபோகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம், மூலையில் மருத்துவமனை, ஹாரன் சத்தமே இல்லை. அக்கா வழக்கம்போல அண்ணாந்து பார்த்தாள். ஒரு பால்கனியிலும் ஒரு துணி இல்லை.

"என்னடி இது, இங்க மனுஷங்க இருக்காங்களா?"

"அசோசியேஷன் ரூல் மேடம்" என்றார் தரகர் பெருமையாக. "வெளிய துணி காயப்போடக் கூடாது. டீசன்ட் ஏரியா."

அக்கா மேலே வந்தாள். இரண்டு அறையையும் அளந்தாள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று பாப்பாவுக்கு என்று அவளுக்கே புரிந்திருக்கும். பிறகு ஹாலுக்கு வந்து பால்கனிக் கதவோரம் உட்கார்ந்து, அந்த மூலையை அளந்தாள்.

"மெஷினை இங்க போட்டுக்கலாம். நான் ஹால்லயே படுத்துக்குவேன். எனக்கென்ன."

மைக்கம்மா குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "பார்த்துக்கலாம்க்கா" என்றாள். புருஷனிடமிருந்து கடன் வாங்கிய சொல். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே வாய் கசந்தது.

அன்று திரும்பும்போது அக்கா கடைக்குப் போய்விட, புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள்.

"மூணு ரூம்னா பாலத்துக்கு அந்தப் பக்கம். பூங்காப் பக்கம்னா ரெண்டுதான் நமக்குக் கட்டுபடியாகும்" என்றார் அவர். "நீ சொல்லு."

"பாப்பாவுக்கு ஸ்கூல் முக்கியம்."

"உங்க அக்கா?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் என்றுதான் யாரிடமும் சொன்னாள். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை, அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே ஒரு சமையல்கட்டு வேண்டியிருந்தது, யாரும் எட்டிப்பார்த்து "என்னடி இவ்வளவு எண்ணெய்" என்று கேட்காத சமையல்கட்டு. மெஷின் சத்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. தான் உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பும்போது யாரும் பின்னால் வந்து ரவிக்கையைப் பிடித்து இழுத்து "இங்க லூஸா இருக்கு" என்று சொல்லக்கூடாது. வளர்த்தவளிடமிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பூங்காப் பக்கத்து வீட்டையே பேசி முடித்தார்கள். அக்காவிடம் மட்டும் விஷயத்தை உடைக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே, வாய் மட்டும் நம்ம ஹால், நம்ம பால்கனி என்று பழக்கதோஷத்தில் பேசிக்கொண்டிருந்தது. அக்காவும் கடையில் மிஞ்சிய நல்ல துணியாகப் பார்த்து வாங்கிவந்து, நம்ம ஜன்னல்களுக்குத் திரை தைக்க ஆரம்பித்தாள்.

வீட்டுச் சாவி கைக்கு வந்தது. தச்சர் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார், மைக்கம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. அக்கா.

"ஏன்டி, திரையை ஓரம் அடிக்கறதுக்கு முன்னாடி ஜன்னலை இன்னொரு தடவை அளந்துடறேன். இப்ப வரட்டுமா?"

தச்சர் ஒரு பக்கம் துளை போட, மைக்கம்மாவுக்கு எப்போதும் வாயில் தயாராக இருக்கிற அந்தக் குரல் வந்துவிட்டது. தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வாக்கா. எங்க வீட்டுக்கு வர்றதுன்னா, நிலையத்துல ஏறி, பூங்கா நிறுத்தத்துல இறங்கணும்."

எங்க வீடு. 'எங்க'வுக்கும் 'நம்ம'வுக்கும் உள்ள வித்தியாசம் நேற்றுப் பேச ஆரம்பித்த குழந்தைக்கும் தெரியும். துளை போடும் சத்தம் நின்றது. சொன்ன சொல்லைப் பிடித்து இழுத்து வாய்க்குள் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பாள்.

"சரி" என்றாள் அக்கா. "எந்த நம்பர் பஸ்?"

எல்லாத் தடமும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவள். தவறினால் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டியவள். மைக்கம்மா நம்பரைச் சொன்னாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள் அக்கா. அவள் தங்கையை 'ம்மா' போட்டுப் பேசியதே கிடையாது. எப்போதும் 'டி'தான்.

கதவு சாத்தியிருக்கவில்லை. இருந்தும் அக்கா மணி அடித்துவிட்டு வெளியிலேயே நின்றாள். வா என்ற பிறகுதான் உள்ளே வந்தாள். ஜன்னலை அளந்தாள். "உங்க ஜன்னல் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு. ஓரத்தைச் சரிபண்ணித் தைக்கறேன், தெரியாது" என்றாள். பால்கனிக் கதவோர மூலைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பள்ளி விட்டு அப்பாவோடு வந்த பாப்பாதான் கேட்டது.

"பெரியம்மா, உன் மெஷினை எங்க வைக்கப் போற?"

"அது கனம்டா செல்லம். மாடி ஏறாது."

"லிஃப்ட் இருக்கே!"

பாப்பாவின் அப்பா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்கா பாப்பாவின் யூனிஃபார்மைக் குனிந்து பார்த்து, "பிரிச்சு விடணும், வளர்ந்துட்டே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மைக்கம்மா லிஃப்ட் வரைக்கும் ஓடினாள்.

"அக்கா, இது நம்ம வீடுக்கா."

மனசாரத்தான் சொன்னாள். ஆனால் வந்ததென்னவோ மைக்கில் வருகிற குரல். ஒரு சொல் இடறவில்லை, ஒரு எழுத்து நடுங்கவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது ஆகியிருக்கும். அக்கா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"அறிவிப்பு நல்லா இருக்குடி" என்றாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

திரைகள் வந்தன. ஒவ்வொன்றும் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஜன்னல் கோணலாக இருப்பது யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் எங்கே தைத்தது என்று கேட்டார்கள். "எங்க அக்கா" என்று சொல்லும்போது மைக்கம்மா சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். அவள் ஆசைப்பட்ட சமையல்கட்டு. எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் கேட்பாரில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தனை அமைதி, ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும். பால்கனிக் கதவோர மூலையில் ஒரு செடி வைத்தாள், பிறகு ஒரு நாற்காலி போட்டாள். எதைப் போட்டாலும் அந்த இடம் ஒரு மெஷின் அளவுக்கே காலியாக இருந்தது.

அக்கா பழைய வாடகை வீட்டை விட்டுவிட்டாள். எங்கே போகிறாள் என்று கேட்டதற்கு, "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். கூடவந்து பார்க்கிறேன் என்று தங்கை சொன்னதற்கு, "உனக்கு ஷிஃப்ட் இருக்கும்" என்றாள். கோபமாகப் பேசியிருந்தால் மைக்கம்மாவும் பதிலுக்குக் கத்தி, அழுது, காலில் விழுந்து எப்படியாவது ஒட்டவைத்திருப்பாள். அக்கா கோபப்படவே இல்லை. நன்றாகத்தான் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

சில வாரம் கழித்து ஒருநாள், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஃபோன் வந்தது. பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது. மைக்கம்மாவுக்கு அந்தச் சத்தம் உடனே தெரிந்துவிட்டது.

"அந்தக் கட்டடத்துலயே மேல ஒரு ஒத்தை ரூம் வாடகைக்குக் கிடைச்சுதும்மா. காலைல நல்லா வெயில் வருது. வேலையும் வந்துக்கிட்டே இருக்கு, இந்தத் தெருப் பிள்ளைங்க வளர்ற வேகத்துக்கு" என்றாள் அக்கா. சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒருநாள் வாங்க எல்லாரும். எங்க வீட்டுக்கு வர்றதுன்னா, பாலம் தாண்டி முதல் நிறுத்தத்துல இறங்கணும்."

ஒற்றை அறை, ஒற்றை ஆள். அந்த 'எங்க'வுக்குள் அக்காவைத் தவிர யாரும் இல்லை. மைக்கம்மா கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். பாலம் வழியாகப் போகிற வண்டி புறப்படத் தயாராக நின்றது. சற்று முன்புதான் அதன் எண்ணைச் சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்க வேண்டியது, மன்னிப்பு உள்பட, எவ்வளவோ இருந்தது.

"எந்த நம்பர் பஸ்க்கா?" என்று கேட்டாள்.