கேட்கிறது... கேட்கிறது...

இது நடந்தது. எனக்கு நானே பலமுறை குறுக்குக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா புத்த மடாலயத்தில் பிக்குணி. அங்கே மாலையில் வெளியாட்களுக்கும் தியான வகுப்பு உண்டு. அவளைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றுதான் நான் சேர்ந்தேன். முதல் நாளே உட்கார்ந்தபடி குறட்டை விட்டேன். "மூச்சைக் கவனிடான்னா, ஊருக்கே கேக்க வைக்கிறியே!" என்று சிரித்தாள்.

கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. தலைமைப் பிக்குணியிடம் கேட்டேன்.

"மனசு அலையுதுப்பா. தியான மண்டபத்துக்குப் பக்கத்து அறையில தனியா உக்காரட்டும். தெளிஞ்சிடும்."

"டாக்டர்கிட்ட காட்டலாமேம்மா?"

"பாக்கலாம்."

வகுப்பில் ஒரு முறை உண்டு. கொசு கடித்தால் 'வலிக்கிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். சத்தம் வந்தால் 'கேட்கிறது'. அவ்வளவுதான். அசையக் கூடாது. கண் திறக்கக் கூடாது.

அன்று ஆறேகாலுக்கு உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் சுவரில்... டொக். டொக்.

'கேட்கிறது' என்று குறித்துக்கொண்டேன்.

டொக். டொக். டொக்.

அக்காவின் அறைப் பக்கம். எழுந்து போகலாமா? யாராவது ஆணி அடிக்கிறார்களோ? போன வாரம்தான் கண் திறந்ததற்குத் திட்டு வாங்கியிருந்தேன். கூட உட்கார்ந்திருந்த பிக்குணிகள் ஒருவரும் அசைந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு மட்டும் என்ன அவசரம்?

கேட்கிறது... கேட்கிறது...

சத்தம் தளர்ந்தது.

டொக்...

என் பிடரி சில்லிட்டது. யாரோ குனிந்து மூச்சு விட்டது போல.

"இன்னுமா உக்காந்திருக்க?"

பெண் குரல். அக்காவின் குரல் இல்லை.

கண் திறந்தேன். பின்னால் யாரும் இல்லை.

ஓடினேன்.

அக்கா சுவரோரம் தரையில் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. வலது கை விரல் முட்டிகள் தோலுரிந்து... ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "பட்டினி, காய்ச்சல். மதியமே நினைவு தப்பியிருக்கும். இவங்க தட்டியிருக்க வாய்ப்பே இல்ல" என்றார்.

தலைமைப் பிக்குணி வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த அறையில முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாப்பா. அவளுக்கும் மனசு சரியில்ல. செத்துப்போன அன்னிக்கு சுவத்துல தட்டினா. எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நாங்க..."



மறுநாள்தான் அக்கா கண் விழித்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"கை இப்படிக் கிழியற மாதிரி ஏன்க்கா தட்டின?"

"நான் எங்கடா தட்டினேன்? அவதான் என் கையைப் புடிச்சு சுவத்துல..."

"எவ?"

"கூடவே உக்காந்திருந்தாளே... 'நான் தட்டினப்போ யாரும் வரல. உனக்கு வர்றாங்களான்னு பாக்கலாம்'னா."