மண்ணூர்பேட்டைக் கிளையில் ஆளே இல்லை

அரசு வங்கிக்குப் பொருளாதாரம் படித்த ஒருத்தியைத் தலைவராகப் போட்டால் சும்மா இருப்பாளா? வந்த வருடமே ஒரு பட்டியல் போட்டேன். கூட்டம் வராத கிளைகளை மூடிப் பக்கத்துக் கிளைகளோடு சேர்த்துவிடும் திட்டம். ஆய்வுக்குப் போன அதிகாரிகள் எண்ணி வந்த தலைகளை வைத்து நானே போட்ட கணக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மண்ணூர்பேட்டைக் கிளையை மூடும் உத்தரவில் அன்று மாலை கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வாசலில் பெரிய கோலம், உள்ளே பினாயில் வாசனை. ஊழியர்கள் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார்கள். வாடிக்கையாளர் நாற்காலிகளில் ஈ காக்கை இல்லை.

"எப்பவும் நல்ல கூட்டம் இருக்கும் மேடம்" என்றார் மேலாளர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. எல்லா மேலாளரும் சொல்வதுதான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணெதிரே காலி நாற்காலி இருக்கும்போது நான் என்ன செய்ய?

இளநீரும் முந்திரி பக்கோடாவும் வைத்தார்கள். எனக்கோ டீ வேண்டும். போன் பேசுவதாகச் சொல்லி நழுவி, நாலு கடை தள்ளியிருந்த டீக்கடைக்குப் போனேன். அங்கே நிற்க இடமில்லை. ஆளுக்கொரு பாஸ்புக் கையில்.

கம்பெனி மேல்கோட்டு போட்ட ஒரு பெண் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். "நீயும் பேங்க்குக்கா வந்தே? உக்காரும்மா. இன்னிக்கு யாரோ பெரிய ஆபீசர் வந்துகீறாராம். உள்ள நீட்டா இருக்கணும்னு எங்கள அப்புறமா வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

"எப்பவுமே இப்படித்தானா?"

"யார் வந்தாலும் இதே கூத்துதான். நாங்களும் போனாப் போவுதுன்னு குந்திகினு இருப்போம். மேனேஜர் தங்கமான மனுசன். அவரு பேரு கெடக்கூடாதுல்ல?"

சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அதிகாரிகள் தலை எண்ண வந்த நாளெல்லாம் இவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்!

"வாங்க, எல்லாரும் உள்ள போகலாம்" என்று எழுந்தேன்.

"அந்தாளு இன்னும் கெளம்பலியேம்மா."

"நான்தான்ம்மா அந்த ஆளு."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்ததும் அவள்தான். கூட்டமாக நாங்கள் உள்ளே நுழைந்ததும் மேலாளர் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம் போகட்டும்னு சொன்னேனே!" என்று அவர்களை அதட்டியவர், முன்னால் நான் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்களை வெளியே அனுப்பி அனுப்பித்தான் சார், உங்க கிளையையே மூட வெச்சிருப்பீங்க" என்றேன். காலியாக இருந்த நாற்காலிகளில் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. காரில் வரும்போதும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். போன மாதம் மூடிய இரண்டு கிளைகள் ஞாபகத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவற்றின் பழைய மேலாளர்களைப் போனில் பிடித்து, பக்கத்தில் டீக்கடை உண்டா என்று கேட்டேன். இரண்டு இடத்திலும் இருந்ததாம்.