பதினோராவது மூலக்கூறு

இரண்டு வேலையைச் சுமாராகச் செய்கிறவர், ஒன்றை நன்றாகச் செய்கிறவருக்கு ஈடாவாரா? அனுசியாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. தென்காசிக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கல்லூரியின் கணினி அறையைத் திறந்து, சும்மா கிடக்கும் முப்பது கணினிகளிலும் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறாள். இரண்டிலும் அவளைப் பெரிதாகக் கொண்டாடியவர் இல்லை. அவளுக்கு அதில் குறையும் இல்லை. சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்து வீட்டில் விருந்தாளிக் கூட்டம். கணினி அறையிலோ அமைதி, ஜன்னலுக்கு வெளியே சாரல், ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி. வேறென்ன வேண்டும் என்பாள்.

புற்றுச் செல்லை வளரத் தூண்டும் புரதம் ஒன்று உண்டு. அதை அடைத்தால், செல் இன்னொரு புரதத்தின் வழியாக வளரத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே மூலக்கூறு அடைக்க வேண்டும் என்பதுதான் அவள் தேடல். கணவன் மகாராஜா போலீஸ்காரன். அவனுக்கு இது உடனே விளங்கியது.

"சீசன்ல மெயின் ரோட்டை மறிச்சா ஐந்தருவி ரோட்டுல புகுந்துருதானுவ," என்றான். "அங்கன ஒரு ஆளு, இங்கன ஒரு ஆளு போடணும். நீ ஒரே ஆளை ரெண்டு இடத்துல நிறுத்தப் பாக்க."

"ரெண்டு மருந்து குடுத்தா ஒடம்பு தாங்க மாட்டேங்குல்லா."

"அந்த ஒரு ஆளு பாவம்," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனான்.

முதல் முறை அவள் தவறியது வெட்கப்பட வேண்டிய இடத்தில். ஆளுக்கொரு புரதத்தை அடைக்கும் பழைய மருந்துகள் இரண்டை ஒரு கார்பன் சங்கிலியால் இணைத்தாள். மூலக்கூறு புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்குக் கணினி மதிப்பெண் போடும். இதற்கு அள்ளிக் கொடுத்தது. மூலக்கூறு பெரிதாக இருந்தால் புரதத்தைப் பல இடங்களில் தொடும். மதிப்பெண் தானாக ஏறும். அதை நம்பாதீர்கள் என்று ஆண்டுதோறும் எம்.எஸ்ஸி. வகுப்பில் எச்சரிக்கிறவளே அவள்தான். அவளோடு படித்த செங்கோட்டைக்காரன் பென்னி, கொல்லத்தில் ஓர் ஆய்வகத்தில் நான்கு மாதம் பாடுபட்டு அந்த மூலக்கூறைத் தயாரித்தான். அது செல்லுக்குள் நுழையவே இல்லை.

"ரெண்டு பேரை ஒரே சட்டைக்குள்ள திணிச்சு அனுப்பிருக்க," என்றான் பென்னி ஃபோனில். "வாசல்லயே நிக்கானுவ."

சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இந்த முறை, இரண்டு மருந்துக்கும் பொதுவான நடுப்பகுதியை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன மூலக்கூறுகளாக வரைந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தன. கணினி அவற்றை மதிப்பெண் வரிசையில் அடுக்கிப் பட்டியல் போட்டது. ஆகஸ்டோடு ஆராய்ச்சித் திட்டம் முடிகிறது. அதற்குள் பென்னியால் ஒன்றைத்தான் தயாரிக்க முடியும். அதுவும் தவறினால் நீட்டிப்பு கிடையாது என்று நிதி தருகிறவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. ஐந்து வருட வேலை அதோடு நின்றுவிடும்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் கொல்லம் ரயிலில் வந்திறங்கிய பென்னி, கணினி அறையில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தான்.

"மொதல்ல இருக்கதையே செய்வோம். ரெண்டு புரதத்திலயும் அதுதான் நல்லா உக்காருது. சைஸும் சின்னது."

"பதினொண்ணைச் செய்."

"வெளையாடுதியா? மேல பத்து நிக்கி."

"நிக்கட்டும். பதினொண்ணு."

பென்னி முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

ஆகஸ்ட் கடைசியில் சோதனை முடிவு வந்தது. பதினோராவது செல்லுக்குள் நுழைந்தது. இரண்டு புரதங்களையும் பிடித்தது. எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. அது மருந்தாக இன்னும் வெகுதூரம் போக வேண்டும், ஆகாமலும் போகலாம். ஆனால் திட்டம் இன்னும் மூன்று வருடத்துக்கு நீண்டது. கணினி அறையின் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கே மிஞ்சின.

முதலாவதைப் பென்னி பிறகு தயாரித்துப் பார்த்தான். அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் பிடித்தது. அப்புறம் ஏன் பதினொன்று என்று அவனும் கேட்டான், மகாராஜாவும் கேட்டான். அவளுக்கே நினைவில்லை, நோட்டைப் புரட்டினாள். அந்த நாளுக்குரிய பக்கத்தில் காரணம் ஏதும் எழுதியிருக்கவில்லை. பதினொன்றைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தாள்.