விட்பி விலாசம்

பிள்ளைகளே, உங்கள் மாமா பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஏன் அப்படி ஆசைப்பட்டார் என்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. அவர் கன வருடம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் சாமான்கள் அடுக்கும் இடமொன்றில் இரவு வேலை செய்தார். வீட்டுக்கு வந்து அவர் படுக்க, மகள் எழும்பிப் பள்ளிக்கூடம் போவாள். அவள் சாப்பிட இருக்கும் நேரம் அவர் வேலைக்கு வெளிக்கிடுவார். பள்ளிக்கூட பஸ் என்றால் காலையும் பின்னேரமும்தான் வேலை. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

ஆனால் அந்த வேலைக்குப் பொலிஸ் பதிவு பார்ப்பார்கள். மாமா இருபது வயதில் ஒரு கோப்பிக்கடை வாசலில் ஒருவனை அடித்துப் பல்லை உடைத்தவர். அதற்குரிய தண்டனையை அனுபவித்தார். அதன்பிறகு ஒரு பிரச்சினைக்கும் போகவில்லை. என்றாலும் பதிவு அப்படியே கிடந்தது. அதை மூடி வைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எங்கட ஆட்கள் அதைப் பார்டன் என்பார்கள்.

கைரேகை, கோர்ட் பேப்பர் எல்லாவற்றுக்கும் நான்தான் கூட அலைந்தேன். வேலை முடிந்து நாங்கள் இருக்கும் விட்பியிலிருந்து காரில் ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்பினால், சப்பாத்தைக் கழற்றவும் உடம்பில் தெம்பிருக்காது. கடைசியில், கடந்த வருடங்களில் வசித்த ஊரின் பொலிஸிடமும் ஒரு கடிதம் எடுக்க வேண்டும் என்றார்கள். மாமாவின் லைசென்ஸில் எங்கள் விட்பி வீட்டு விலாசம் இருந்தது. நாங்களும் யோசிக்காமல் எங்கள் பக்கத்துப் பொலிஸிடம் எடுத்து அனுப்பிவிட்டோம்.

அங்கேதான் பிழை வந்தது. மாமா குடும்பத்தோடு இருந்தது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்டில். விட்பி விலாசத்துக்குக் கார் இன்சூரன்ஸ் குறைவு என்று எங்கள் சனத்தில் பலர் செய்கிற மாதிரி அவரும் எங்கள் விலாசத்தைக் கொடுத்திருந்தார். நானும் ஓமென்று விட்டேன். வரிக் கணக்கிலோ உண்மையான விலாசம். இரண்டையும் பார்த்துவிட்டு, எங்கே வசித்தீர்கள், எழுத்தில் விளக்கம் தாருங்கள் என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் நானும் மாமாவும் உங்கள் அம்மாவும் குசினி மேசையில் இருந்தோம். அம்மாவுக்குத் தம்பி மேல் பாசம்.

“அவன் இஞ்சதான் இருந்தவன் எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோவன். ஆர் வந்து பாக்கப் போகினம்?”

எனக்கும் அது சுகமாகத்தான் தெரிந்தது. திரும்ப முதலிலிருந்து அலைய எனக்குச் சீவன் இல்லை. பேனையைக்கூட எடுத்துவிட்டேன்.

மாமா பேனையை வாங்கி மேசையில் வைத்தார்.

“வேண்டாம் அத்தான். பிடிபட்டா பார்டனும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பிடிபடாட்டியும், கதவு தட்டுற சத்தம் கேக்கேக்கை எல்லாம் நெஞ்சு இடிக்கும். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் இருந்தனான். இனி ஏலாது.”

லைசென்ஸிலும் இன்சூரன்ஸிலும் விலாசத்தை மாற்றினோம். அவர் எங்கள் வீட்டில் ஒருநாளும் வசிக்கவில்லை, விலாசம் கொடுத்தது இன்சூரன்ஸுக்காக என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. ரொறன்ரோப் பொலிஸிடம் கடிதம் எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ரொறன்ரோ விலாசத்துக்குக் கூடின இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாமல் மாமா காரை விற்றார். மிசிசாகாவுக்கு வேறொருவரின் காரில் தொற்றிக்கொண்டு போய் வந்தார். ஒரு பனிக்காலம் அப்படியே போனது.

பதிவை மூடியாயிற்று என்று பதில் வந்தபோது எங்களுக்குத் துள்ளிக் குதிக்கத் தெம்பில்லை. அம்மா தேத்தண்ணி போட்டா. குடித்தோம்.

இப்போது மாமா வேறொரு பஸ் ஏறிப் போய்த்தான் பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்கிறார். போன கிழமை அவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அம்மா பகிடி விட்டா.

“பஸ் ஓட்டுறவன் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறான். ஆரும் கேட்டாச் சிரிப்பினம்.”

மாமா மகளின் தட்டில் இருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.