ஆராய்ச்சிக்குப் பெண் கேட்டுப் போனது

இருக்கன்குடி பஸ்ஸில் அந்தப் பித்தளைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பந்து மல்லிகை. பஸ் முழுக்க மாரியம்மன் கோயிலுக்குப் போகிற சனம். எங்கள் தட்டையும் அர்ச்சனைத் தட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். நாங்களோ பெண் கேட்கப் போய்க்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது, அதற்குத்தான் பெண்.

பெண் வேறு யாருமில்லை, எங்களோடு வேலை பார்த்த கெமிஸ்ட்ரி அக்கா. அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியைகளாக இருந்த நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். மூத்தவர் இங்கிலீஷ் மிஸ், இளையவள் நான், பிசிக்ஸ். சங்கம் கிங்கம் என்று பெயரெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் வகுப்பை மற்றவள் எடுப்பாள். ஒருத்தி கட்டுரை எழுதினால் மற்ற மூவரும் உட்கார்ந்து கிழி கிழியென்று கிழிப்போம். வீட்டில் ஒருத்தியைக் கல்யாணத்துக்கு நெருக்கினால் எல்லோருமாகக் கிளம்பிப் போய்ப் பேசுவோம். ஆண்கள் யாரும் எங்களுக்காகப் பேச வரப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

தட்டு யோசனை அக்காவுடையதுதான். "எங்கய்யா பொண்ணு கேட்டு வர்றவுகளத்தான் உக்கார வச்சுப் பேசுவாரு. நீங்களும் அப்பிடியே வாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கு எதிலும் ஒரு குறும்பு. எங்களுக்கும் சிரிப்புத்தான். ஊருக்குள் இறங்கித் தட்டோடு நடந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அக்காவின் அம்மா ஓடி வந்து ஜமக்காளத்தை விரித்து, மகளைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி உள்ளே தள்ளினார். பிறகு எங்கள் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஆம்பளைக யாரும் வரலையா? மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றார். இங்கிலீஷ் மிஸ் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா உள்ளே போய், மகளைப் பட்டுச்சேலையை அவிழ்த்துவிடச் சொன்னார்.

அக்காவின் அய்யா கத்தவில்லை. கடைசிவரை கேட்டார். "நீங்க படிச்சவுக, நல்லதுக்குத்தான் வந்திருக்கீக. ஆனா தட்டு தெருவழியா வந்திருச்சே. வந்தவுக ஏன் திரும்பிப் போனாகன்னு நாளைக்கு நாலு பேரு கேப்பாக. எம்மக மேல ஒரு சொல்லு விழுந்திரும்." அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல் விழுவதற்கு முன்பாக, ஆவணியிலேயே அவளை அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். வேலையும் போயிற்று, சென்னையும் போயிற்று. கல்யாணத்தில் நாங்கள் மூவரும் ஒரு தூண் ஓரமாக நின்று அழுதோம். அவள்தான் மணமேடையிலிருந்து எங்களைப் பார்த்து, அழாதீங்க என்று கண்ணைக் காட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் சென்னையில் இடம் கிடைத்தது. திருத்தங்கலில் என் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. முடியவே முடியாது என்றுவிட்டார். இந்தத் தடவை வெறுங்கையோடுதான் போவது என்று முடிவாயிற்று. கல்யாணமாகாத பெண்கள் பேச்சு எடுபடாது என்று இங்கிலீஷ் மிஸ் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். வந்துவிட்டாள், மகராசி! கழுத்தில் தாலி, இடுப்பில் குழந்தை, கூடவே அழைத்து வந்த புருஷன். நல்ல மனுஷர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, வழியில் குழந்தையைக் கூட அவர்தான் தூக்கி வந்தாராம்.

அக்கா பேசப் பேச அப்பா கொஞ்சம் இளகினார். அப்புறம் ஒன்று கேட்டார். "ஏந்தாயி, நீயும் படிச்ச புள்ளதான். கல்யாணம் முடிச்சு நல்லாத்தான இருக்க? எம்மக மட்டும் எதுக்கு மெட்ராஸுல போயிச் சீரழியணும்?"

ஆமாம் என்று சொன்னால் என் படிப்பு அதோடு முடிந்தது. இல்லை என்று சொல்ல, பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். நான் கதவோரத்தில் நின்றேன். அக்கா குழந்தையை மடியில் சரியாக உட்கார வைத்தாள்.

"சோறு துணிக்குக் குறை இல்லய்யா. இவுக என்னைய நல்லாத்தான் வச்சிருக்காக. ஆனா நான் நல்லா இல்ல. கண்ண மூடுனா லேபுதான் வருது. உங்க மகளுக்கு அப்பிடி ஆக வேண்டாம்."

அக்காவின் புருஷன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து செருப்பைப் போட்டார். அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயந்தரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "போய்ப் படி" என்றார்.

படித்தேன். பட்டம் வாங்கினேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு முதலில் போனது அக்காவின் புகுந்த வீட்டுக்குத்தான். அவள் புருஷன்தான் வாசலில் நின்றார். "வாங்க, நல்லா இருக்கீகளா?" என்றார் மரியாதையாகவே. "அவ வயக்காட்டுக்குப் போயிருக்கா. வர நேரமாகும்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. யாரிடமோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? அவருக்கும் கேட்டது, எனக்குக் கேட்டதும் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் வாசலைவிட்டு நகரவில்லை.

"சரிங்க. நான் வந்தேன்னு மட்டும் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்றேன்" என்றார்.